நீங்கள் சாய்ந்து நிற்கிற படம்

ஒரு நாளும் நான் பேர் சொல்லிக் கூப்பிடாத என் செல்வத்தோட அப்பாவுக்கு,

நல்லா இருக்கீகளா என்று கேட்கத்தான் வாய் வருகிறது. போன இடத்தில் அதற்கு என்ன பதில் சொல்வீர்களோ. இங்கே நாங்கள் இருக்கிறோம். கோச்சடையில் நல்ல மழை. உங்கள் சைக்கிளை இரண்டு பேர் கேட்டார்கள், கொடுக்கவில்லை. காற்று இறங்கி சுவரோரம் நிற்கிறது.

அடுத்த மாதம் உங்களுக்கு வருசம் திரும்புகிறது. சாமி கும்பிட ஒழுங்கான படம் வேண்டும். இறந்த அன்று அவசரத்துக்கு ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாட்டினோம். அதில் நீங்கள், யாரோ பிடித்துவந்து உட்காரவைத்த மாதிரி முழித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு வருசமாக அந்த முழியைப் பார்த்துத்தான் விளக்கு ஏற்றுகிறேன்.

நம் பேத்தி தேன்மொழி இப்போது ஸ்டூடியோவில் வேலை பார்க்கிறாள், தெரியுமா? கோணலாக எடுத்த படத்தை நேராக்குவது, மங்கினதைத் தெளிய வைப்பது எல்லாம் அவள் கையில்தான். அஞ்சாப்போடு நின்ற நானும், கல்லும் மூட்டையுமாகக் காலம் தள்ளிய நீங்களும் வளர்த்த பிள்ளை. தெருவில் போகிறவர்களை நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன். கொஞ்சம் கூடுதலாகவே சொல்கிறேன். சொன்னால் என்ன?

அவள்தான் தன் போனைத் துழாவி அந்தப் படத்தை எடுத்தாள். கீழக்குயில்குடிக்குச் சாமி கும்பிடப் போனோமே, குளத்தங்கரையில் மலைக்கு முன்னால் நாம் இரண்டு பேரும் நின்றோமே, அது. லேப்டாப்பில் திறந்ததும் படம் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. மலை படுத்திருந்தது, நான் படுத்திருந்தேன், நீங்களும். கடைசியாக உங்களைப் படுத்த நிலையில்தானே பார்த்தேன்.

தேன்மொழி ஒரு பொத்தானை அழுத்தினாள். எழுந்து நின்றுவிட்டீர்கள்.

அம்புட்டுத்தானா என்று ஆகிவிட்டது எனக்கு.

அடுத்து என்னை வெட்டினார்கள். உயிரோடு இருக்கிறவளை மாலை போடுகிற படத்தில் வைக்க முடியுமா? முறை அது, எனக்கு வருத்தமில்லை. ஆனால் நான் போனதும் நீங்கள் மட்டும் இடது பக்கமாகச் சாய்ந்து, ஒன்றுமில்லாத இடத்துக்குத் தலையைக் கொடுத்து நின்றீர்கள்.

செல்வத்துக்குப் பொறுக்கவில்லை. "என்னம்மா இது, அப்பா இப்படிச் சாஞ்சுக்கிட்டு நிக்கிறாரு? வாரவன் பூராம் தண்ணியப் போட்டு நிக்கிறாருன்னுல்ல நெனைப்பான்!"

"உங்கப்பா சோடா குடிச்சாலே ரெண்டு நாளைக்குச் சொல்லிக்கிட்டுத் திரியிற மனுசன்டா."

"எனக்குத் தெரியும். வாரவனுக்குத் தெரியுமா? தேனு, நேராக்கு."

அவள் படத்தின் மேல் கட்டம் கட்டமாகக் கோடுகளைக் கொண்டுவந்து, மெதுவாகத் திருப்பினாள். நீங்கள் நிமிர்ந்தீர்கள். மலை சரிந்தது. குளமும் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டது.

"ஏ, தண்ணி கொட்டிருமேடி!"

"பின்னாடி இருக்கதப் பூராம் எடுத்துட்டு நீலக் கலர் வச்சுரலாம், அப்பத்தா."

வைத்தாள். நீல நிறத்துக்கு நடுவில் விறைப்பாக நின்றீர்கள், போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கிற வரிசையில் நிற்கிற மாதிரி. குறை சொல்ல முடியாத வேலை. செல்வம் சந்தோசமாகச் சட்டத்துக்கு அளவு சொல்லக் கிளம்பினான். எனக்குத்தான் அந்தப் படத்தில் இருக்கிற ஆளைத் தெரியவில்லை.

அப்போதுதான் பிள்ளைகளிடம் சொன்னேன். குவாரியில் கல்லுடைக்கப் போன காலத்தில் வெடிச்சத்தம் உங்கள் வலது காதைக் கொண்டுபோனதை. அன்றிலிருந்து நான் உங்கள் இடது பக்கத்துக்காரி ஆனதை. பஸ்ஸிலும், பந்தியிலும், படுக்கும்போதும் அந்தப் பக்கம்தான். நான் வாயைத் திறக்குமுன் உங்கள் தலை இறங்கி வந்துவிடும். நான் சத்தம் போட்டுப் பேச வேண்டிய தேவையே வந்ததில்லை.

கிளம்பின செல்வம் திரும்பி வந்து உட்கார்ந்தான். பிறகு, "எங்கிட்டப் பேசும்போது அப்பா சாய மாட்டாரே" என்றான்.

"நீ பேசுனா பக்கத்து ஊரு பரவை வரைக்கும் கேக்கும். அவரு எதுக்குச் சாயணும்?"

தேன்மொழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அன்னைக்குத் தாத்தாகிட்ட என்ன சொன்ன அப்பத்தா? சும்மா சொல்லு."

என்னவோ பெரிதாக எதிர்பார்த்தாள். "வேட்டி அவுருது, புடிங்கன்னேன்."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் படத்தைப் பார்த்தோம். உங்கள் கை இடுப்பில் இருந்தது. செல்வம் வயிறு குலுங்கச் சிரித்தான். சிரித்துக்கொண்டே வாசலுக்குப் போனவன், உள்ளே வர நேரமானது. வந்தபோது முகம் கழுவியிருந்தான்.

"பழையபடியே வச்சிரு தேனு. கேக்குறவனுக்கு நான் சொல்லிக்கிறேன், எங்கம்மா பேசுறதைக் கேட்டுக்கிட்டு நிக்கிறாருன்னு."

செய்ததை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுக்கலாமாம். நீலம் போனது, மலை வந்தது. குளத்துத் தண்ணீர் மட்டமானது. உங்கள் தலை சாய்ந்தது.

"எம்புட்டுத் தூரம் பின்னால போகலாம்டி?"

"படத்தைத் தொறந்த எடம் வரைக்கும், அப்பத்தா."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அந்தப் படத்தைத்தான் சட்டம் போட்டு வாங்கி வந்திருக்கிறோம். நானும் இருக்கிற முழுப் படத்தைத் தேன்மொழி அழிக்காமல் தனியாக வைத்திருக்கிறாள். என் நேரம் வரும்போது அதை மாட்டச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு யாரும் யாரையும் வெட்ட வேண்டியதில்லை.

அதுவரைக்கும் ஒரு வார்த்தை தருகிறேன். தினமும் விளக்கேற்றியதும், நீங்கள் சாய்ந்திருக்கிற பக்கமாகத்தான் வந்து நிற்பேன். மழை, பேத்தி, சைக்கிள், எல்லாச் சேதியும் சொல்வேன். சத்தம் போட மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் இடது பக்கத்துக்காரி,
செல்வத்தோட அம்மா