மீட்டர் வைத்த வருஷம் வெடித்த லீக்ஸ்

14, சேப்பல் ரோ,
நார்த்தம்பர்லாந்து,
அக்டோபர் 11

அன்புள்ள காலினுக்கு,

நீயும் சூசனும் டெஸ்ஸும் நோய் நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவைக் கையில் எடுத்தேன். இங்கே நாங்கள் இருவரும் உயிரோடும் நடமாட்டத்தோடும் இருக்கிறோம், ஆனால் சௌக்கியம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை. அப்பாவின் முழங்கால் ஆறிவிட்டது, ஒரு ஊன்றுகோலை விட்டாயிற்று, இன்னொன்றை ஆட்களை மிரட்டுவதற்காக வைத்திருக்கிறார். மூன்று ஞாயிறாக நீ போனில் "அம்மா, குரல் என்னமோ போல இருக்கே" என்று கேட்கிறாய், நான் சளி என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். சளியும் இல்லை, ஒன்றும் இல்லை. அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது சொல்லக்கூடியதாக இருக்கவில்லை, அவ்வளவுதான். இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, ஆனாலும் வேறு யாராவது உனக்கு எழுதுவதற்கு முன்னால் நானே எழுதிவிட வேண்டும் என்று பார்க்கிறேன். படித்துவிட்டு உன் அம்மாவைப் பற்றி என்ன நினைக்கிறாயோ நினைத்துக்கொள்.

தண்ணீர் மீட்டரில்தான் எல்லாம் ஆரம்பித்தது. நம் வீட்டில் இத்தனை வருஷமும் வீட்டின் மதிப்பைப் பார்த்துப் போட்ட கட்டணம்தான், ஒரு வாளி செலவழித்தாலும் ஓராயிரம் வாளி செலவழித்தாலும் ஒரே தொகை. சேப்பலில் ஞாயிறு பிரார்த்தனை முடிந்து நான் தேநீர் ஊற்றும்போது, கூட வருகிற மியூரியல் என்னைப் பார்த்து, "மூணு பெட்ரூம், ரெண்டு ஆளு, இன்னும் மீட்டர் வைக்காம இருக்கியா? உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு டோரீன்" என்றாள். அவள் மாற்றிக்கொண்டு பாதியாகக் குறைந்துவிட்டதாம். நான் அப்பாவிடம் ஒரு தரமல்ல, நாலு தரம் கேட்டுப் பார்த்தேன். "வானத்துல இருந்து சும்மா விழுறதுக்குக் கணக்கு வைக்க ஒரு பெட்டியா? என் தோட்டத்து லீக்ஸ் குடிக்கிறதை எவனோ எட்டிப் பார்த்து எண்ணுவானா? நான் செத்தப்புறம் வச்சுக்கோ" என்று நாலு தரமும் அதே பதில். எனக்கு ஆசை எதில் என்றால், மிச்சமாவதைத் தனியாக எடுத்து வைத்து நீங்கள் இருக்கிற பெர்த்துக்கு ஒரு விமான டிக்கெட் வாங்கிப் பேத்தி டெஸ்ஸை ஒரு தடவையாவது மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில். இதை எழுதுவது உன் தலையில் பழியைப் போட அல்ல, அப்படி எடுத்துக்கொள்ளாதே. மே மாதம் அப்பா முழங்கால் படம் எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கு ஆளை வரச் சொல்லி வைத்துவிட்டேன். வாசல் கேட்டுக்கு வெளியே நடைபாதையில் ஒரு சின்ன மூடி, அதற்குக் கீழே மீட்டர். அப்பா நாலு மாதம் தினமும் அதை மிதித்துக்கொண்டு போனார், ஒரு நாளும் குனிந்து பார்க்கவில்லை.

ஆகஸ்டில் அறுவை சிகிச்சைக்குப் போனார், புண்ணில் சீழ் வைத்து நாலு நாள் என்றது பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது, அது உனக்குத் தெரியும். போவதற்கு முன்னால் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி ஷெட் கதவில் ஆணி அடித்தார். எந்தச் செடிக்கு எவ்வளவு, எத்தனை மணிக்கு, நாள் தவறக்கூடாது, கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது. டெஸ் போன தடவை லீக்ஸ் என்றால் என்ன பாட்டி என்று கேட்டாளே, வெங்காயத்துக்குப் பெரியண்ணன் என்று சொல் அவளிடம். ஆனால் அப்பா வளர்ப்பது கடையில் விற்கிற ஒல்லிக்குச்சி இல்லை, உன் தொடை பருமனுக்கு வெள்ளைத் தண்டு. அதிலும் இது உன் பெரியப்பா லெஸ் சாவதற்கு முன்னால் கொடுத்துவிட்டுப் போன இனம். செப்டம்பர் லீக்ஸ் போட்டியில் இந்த வருஷம் கோப்பை நமக்குத்தான் என்று லீக்ஸ்காரர்கள் கிளப்பில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

முதல் இரண்டு நாள் அட்டையில் இருந்தபடியே ஊற்றினேன். மூன்றாம் நாள் குழாயைத் திறந்து வைத்துவிட்டுச் சும்மா இருக்காமல் வாசலுக்குப் போய் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே அந்தக் குட்டிச் சிவப்புச் சக்கரம் காற்றாடி மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது, ஓடிப்போய்க் குழாயை மூடினேன். அதற்கப்புறம் பைத்தியம் பிடித்த மாதிரிதான். தினமும் எண்ணைப் பார்த்து, அலமாரிக் கதவின் உள்பக்கம் தொங்குகிற காலண்டரில் பென்சிலால் குறித்து வைத்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றினேன், பிறகு செடிக்கு ஒரு கெட்டில் தண்ணீர் என்று ஆக்கினேன். இலையெல்லாம் பச்சையாகத்தானே இருக்கிறது, உன் அப்பா எட்வினுக்கு எல்லாமே கொஞ்சம் அதிகம்தான் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். வெயிலோ வெயில், இங்கே அப்படி ஒரு ஆகஸ்டை நீ பார்த்திருக்க மாட்டாய். அப்பாவை நாளைக்கு அனுப்புகிறோம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததும் பின்பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தேன், மண் பாளம் பாளமாகப் பிளந்து கிடந்தது. பயத்தில் குழாயைப் பிடித்தேன் பார், முழுசாக இரண்டு மணி நேரம். பத்து நாள் கடனை ஒரே சாயங்காலத்தில் அடைத்துவிடலாம் என்று நினைத்தது இந்த மூளை. காய்ந்து கிடந்த லீக்ஸ் அப்படிக் குடித்தால் தோல் தாங்காது, வெடித்துவிடும். நாற்பது வருஷம் ஒரு லீக்ஸ்காரரோடு குடித்தனம் நடத்திய எனக்கு அது தெரியாமலா இருக்கும்? தெரியும் காலின். அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

வந்த மூன்றாம் நாள்தான் அப்பாவால் பின்பக்கம் போக முடிந்தது. இருப்பதிலேயே நல்ல மூன்றும் மேலிருந்து கீழ்வரை நீளமாகக் கிழிந்திருந்தன. ரொம்ப நேரம் நின்று பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "நாள் தவறாம ஊத்தினியா?" என்றார். ஊற்றினேன் என்றேன். "அட்டையில போட்டபடி?" ஆமாம் என்றேன். "அப்ப இது கத்தி" என்றார். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை, நான் வாயில் கையை வைத்துக்கொண்டு, ஐயோ, யாராக இருக்கும் என்று கேட்டேன். பொய் சொன்னதைக்கூட என்னால் மறக்க முடியும் போல இருக்கிறது, அந்தக் கேள்வியைக் கேட்டதை மறக்க முடியவில்லை. போட்டிக்கு முன்னால் எதிராளியின் செடியைக் கீறுவது இந்தப் பக்கத்தில் நடக்காததா, அப்பாவின் மனசு போகக்கூடாத இடத்துக்குப் போய்விட்டது. இந்த வருஷம் கோப்பை யாருக்கு என்று கேள், பின்சந்துக்கு அந்தப் பக்கத்து வீட்டு ரால்ஃப் மாமாவுக்கு. பதினாலு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவை. கோப்பையைக் கையில் கொடுக்கிற நேரத்தில் அப்பா ஊன்றுகோலை ஊன்றி எழுந்து நின்று, "அந்தக் கோப்பையோட உன் கத்தியையும் வச்சுக் காட்டு ரால்ஃப்" என்றார், கிளப் முழுக்கக் கேட்கும்படி. இரண்டு பேரும் சுரங்கத்தில் வேலை பார்த்த காலத்தில் மண் சரிந்தபோது அப்பாவைத் தோளைப் பிடித்து இழுத்து வெளியே போட்ட மனுஷன். ரால்ஃப் மாமா கோப்பையை மேஜையில் வைத்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் இரண்டாம் வரிசையில் கையில் கேக் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகு ரால்ஃப் மாமாவை ஆயுசுக்கும் கிளப்பிலிருந்து நீக்குவது பற்றிப் போன வியாழக்கிழமை முடிவு செய்வதாகக் கமிட்டி சொல்லிவிட்டது. மூன்று வாரம் நான் தூங்கியது தூக்கமே இல்லை. செவ்வாய்க்கிழமை காலையில் அப்பா பேப்பர் வாங்கப் போனதும் பின்சந்தைத் தாண்டிப் போய் ரால்ஃப் மாமா வீட்டுக் கதவைத் தட்டினேன். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன், மீட்டர், காலண்டர், இரண்டு மணி நேரக் குழாய், எல்லாம். அவர் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "தெரியும் டோரீன்" என்றார். "நீ அன்னிக்கு ஊத்துனதை மாடி ஜன்னல்ல இருந்து பார்த்தேன். இது வெடிக்கப் போகுதுன்னு கத்த வாயைத் திறந்தேன். அப்புறம் இந்த வருஷம் ஒரு தடவை நான் ஜெயிச்சா என்ன கெட்டுப்போகும்னு தோணுச்சு. ஜன்னலைச் சாத்திட்டு உள்ள போயிட்டேன். கத்தி வைக்கல, அவ்ளோதான் வித்தியாசம். அதனாலதான் அவன் கேட்டப்ப வாய் வரல" என்றார். அப்படியானால் என்னைப் பற்றி ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "அது உன் வீட்டுப் பேச்சு. நீதான் சொல்லணும்" என்றார். அதற்கு மேல் அங்கே நிற்க எனக்கு முகம் இல்லை.

அன்றைக்கு மதியமே அப்பாவிடம் சொன்னேன். கத்துவார், ஊன்றுகோலை வீசுவார் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை, காலண்டரைக் கொண்டு வா என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தேதியாக விரலை வைத்துக்கொண்டே வந்தார். "இங்க பட்டினி", "இங்கயும் பட்டினி" என்று முணுமுணுத்தார். கடைசி நாள் எண்ணுக்கு வந்ததும் விரல் அங்கேயே நின்றது. "எதுக்குடி இவ்வளவும்?" என்று கேட்டார். டெஸ்ஸைப் பார்க்க என்றேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் காலண்டரை அவரே திரும்ப மாட்டினார். வியாழக்கிழமை கிளப்புக்குப் போய், கத்தி இல்லை, தண்ணீர்தான், என் வீட்டிலேயே நடந்த தப்பு, ரால்ஃபிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாராம். ரால்ஃப் மாமாவும் எழுந்து தன் ஜன்னல் கதையைச் சொல்லி, கோப்பை தனக்கு வேண்டாம் என்றுவிட்டார். இந்த வருஷம் கோப்பை யார் வீட்டிலும் இல்லை, கிளப் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். நான் கடைக்குப் போனால் கல்லாவில் இருக்கும் பெண்கூட, "என்ன டோரீன், இன்னிக்கு எத்தனை கெட்டில் தண்ணி?" என்கிறாள். சேப்பலில் தேநீர் ஊற்றும் வேலையை மியூரியல் தானாகவே எடுத்துக்கொண்டாள். எல்லாம் எனக்கு வேண்டியதுதான்.

மீட்டர் கம்பெனிக் கடிதத்தில், வைத்து இரண்டு வருஷத்துக்குள் வேண்டாம் என்றால் பழைய கட்டணத்துக்கே திரும்பிவிடலாம் என்று போட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் முதல் வேலையாகப் போன் செய்து இந்தச் சனியனை ஒழித்துவிடுகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலேயே, "வேண்டாம், இருக்கட்டும். ஆகஸ்ட் மாசம் இந்த வீட்டுல நடந்ததை நடந்தபடி சொன்னது அது ஒண்ணுதான்" என்றார். கோபத்தில் சொல்லவில்லை காலின், சாதாரணமாகச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நேற்று அந்த மூன்று வெடித்த லீக்ஸையும் அவரே பிடுங்கிக் கழுவிக் கொண்டுவந்து அடுப்புப் பக்கத்தில் வைத்தார். சூப் வை என்றார், மூன்று பேருக்கு என்றார். ஆறு மணிக்கு ரால்ஃப் மாமா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தார். லெஸ் பெரியப்பாவின் இனம் அவரிடமும் இருக்கிறது, என்றைக்கோ அப்பா கொடுத்தது, அதில் முளைத்த குட்டிக் கன்றுகளை ஒரு தொட்டியில் கொண்டுவந்து ஜன்னல் ஓரமாக வைத்தார். இரண்டு பேரும் பன்றிக் கறித் துண்டு போட்ட அந்தச் சூப்பைக் குடிக்க ஆரம்பித்தார்கள். வைக்கும்போதே நான் பானையில் தண்ணீரைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றிவிட்டேன் போல. இரண்டு வாய் குடித்துவிட்டு அப்பா ஸ்பூனைக் கீழே வைத்து, "இதுலயும் தண்ணி கூடிப்போச்சு டோரீன்" என்றார். ரால்ஃப் மாமாவுக்குப் புரையேறிவிட்டது. நான் அடுப்படி ஏப்ரனை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன், அவர்கள் பாட்டுக்குக் குடித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அப்பா, "மிச்சம் பிடிச்சதோட குறையுறதை நான் போடுறேன், டிக்கெட் வாங்கு, பிப்ரவரியில போயிட்டு வா" என்றார். நீங்களும் வாருங்கள், கன்றுகளை ரால்ஃப் பார்த்துக்கொள்வார் என்றேன். "இவனா? இவன் நல்லாப் பார்ப்பான். பார்த்துட்டு ஜன்னலைச் சாத்திட்டுப் போயிருவான்" என்றார். ரால்ஃப் மாமா மேஜையைப் பார்த்தபடியே, "இன்னும் கொஞ்சம் ஊத்து டோரீன்" என்று கிண்ணத்தை நீட்டினார்.

ஆக, பிப்ரவரியில் நான் மட்டும் வருகிறேன். ஆசைப்பட்டது கைக்கு வரும்போது சந்தோஷமாக இருக்கவேண்டும், இருக்கிறது, ஆனால் டிக்கெட்டை நினைக்கும்போதெல்லாம் அந்த மூன்று லீக்ஸும் கண்ணில் வந்து நிற்கின்றன. டெஸ்ஸை வெயிலில் தொப்பி இல்லாமல் விடாதே. சூசனை ராத்திரி வேலைக்குப் பிறகு தனியாகக் கார் ஓட்டவிடாதே. நீங்கள் மூவரும் குறைவில்லாமல் நூறு வருஷம் இருக்கவேண்டும், கடவுள் துணை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது முதலில் அப்பாவிடம் பேசு, லீக்ஸ் எப்படி என்று மட்டும் கேட்காதே. அப்புறம் மறக்காமல் ரால்ஃப் மாமாவுக்கும் ஒரு போன் போடு, அம்மா சொல்லித்தான் கூப்பிடுகிறேன் என்று சொல்லாதே, உனக்கே தோன்றியது போல இருக்கட்டும். அது பொய்தான், தெரியும். இதுதான் கடைசி.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்,
அம்மா டோரீன்