பத்தொன்பது கிலோ

மந்தைவெளி,
12-5-2024

என் அன்பு எஸ்தருக்கு,

ஸ்வர்ணா எழுதுவது. அடையாறில் நீ திறக்கப்போகிற புது ஸ்லிம்மிங் சென்டரின் சுவரில் மாட்ட, என் கையெழுத்திலேயே ஒரு கடிதம் வேண்டும் என்றாய். டைப் அடித்தால் ஒருத்தரும் நம்பமாட்டார்களாம். சரியென்று உட்கார்ந்துவிட்டேன். ஆனால் சுவருக்குக் கடிதம் எழுத எனக்கு வராதடி. பத்தாம் வகுப்பில் பெஞ்சுக்கு அடியில் உனக்குச் சீட்டு எழுதித் தள்ளுவேனே, அந்த மாதிரிதான் வரும். வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிடு.

போன நவம்பரில் உன்னிடம் வந்தபோது எண்பத்தொரு கிலோ. இப்போது அறுபத்திரண்டு. சனிக்கிழமை எல்லாரும் கை தட்ட, 'இந்த மாத லூசர்' என்று எழுதிய பட்டையை என் தோளில் போட்டாயே, அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினேன். பத்ரிநாராயணன் என்கிற என் புருஷருக்கு வாய் சும்மா இருக்குமா? "தோத்துப்போனவாளுக்கு மாலை போடற ஒரே எடம் ஒன் ஃப்ரெண்டோட கடைதான்டி" என்றார்.

மாட வீதியில் யாரைப் பார்த்தாலும் கை கொடுக்கிறார்கள். "என்ன மாமி, செம வெயிட் லாஸ்! சீக்ரெட் சொல்லுங்கோ!" என்கிறார்கள். கை கொடுக்காதவள் ஒரே ஒருத்திதான், கோயில் வாசலில் பூ விற்கிற வசந்தி. "இன்னாம்மா, இப்டி எளச்சிப் பூட்ட? ஒடம்புக்கு இன்னா? டாக்டராண்ட காட்னியா?" என்று கேட்டு, ஒரு முழம் கூடவே அளந்து கொடுத்தாள். எனக்குச் சுருக்கென்றது. நான் பாடுபட்டு இளைத்தது இவளுக்கு என்ன தெரியும்?

பாடுபட்டு என்று எழுதிவிட்டேன், அது முழுக்க உண்மையில்லை. இதைச் சுவரில் போட்டு என் மானத்தை வாங்காதே. பிப்ரவரியில் என் பிள்ளை சாய்சரண் கல்யாணத்தோடு உன் டயட் போயே போச்சு. சம்பந்தி வீட்டுச் சீர் பட்சணத்தில் லட்டு, முறுக்கு, அதிரசம் எதையும் விட்டுவைக்கவில்லை. காலை நடையும் கிடையாது. உன்னிடம் அப்போதே சொன்னேன், நீ சிரித்தாய். ஆனால் அதற்கப்புறம்தான் மளமளவென்று இறங்கியது. சாப்பிடச் சாப்பிட இளைக்கிற யோகம் யாருக்கு வாய்க்கும்! கொஞ்சம் அசதி, முதுகில் ஒரு வலி. ஐம்பத்து மூன்று வயசாயிற்றே, வராமல் இருக்குமா?

உன்
ஸ்வர்ணா


தி. நகர்,
15-5-2024

மரியே வாழ்க!

என் ஸ்வர்ணாக் கண்ணுக்கு,

உன் கடிதத்தைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆனால் சுவருக்கு இது ஆகாதடி. கல்யாண பட்சணம், பூக்காரம்மா, முதுகுவலி எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். படிக்கிறவர்களுக்கு லைட்டாக இருக்கவேண்டும். கீழே எழுதியிருப்பதை நல்ல தாளில், நீல மையில் எழுதி அனுப்பு.

'ஆறே மாதத்தில் பத்தொன்பது கிலோ இழந்தேன். நான் இழந்தது எடையை மட்டும்தான். பெற்றது புது வாழ்க்கை. நன்றி எஸ்தர் மேடம்!'

ஜூன் ஐந்தாம் தேதி திறப்பு. கட்டட முகப்பு முழுக்க உன் பேனர்தான். 'முன்பு' படம் என்னிடம் இருக்கிறது. 'பின்பு' படத்துக்கு அந்த மயில்கழுத்துப் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு வா. முதுகுவலி நீ உட்காரும் லட்சணத்தால் இருக்கும், மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே.

உன்
எஸ்தர்


மந்தைவெளி,
9-7-2024

எஸ்தருக்கு,

நாலு தடவை போன் செய்தேன். நாலு தடவையும் உன் ரிசப்ஷன் பெண் ஸ்நேஹா எடுத்து, "மேடம் செஷன்ல இருக்காங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

முதுகுவலி தாங்க முடியாமல் போய், கண்ணும் மஞ்சளான பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் சின்னப் பெண், நம் பிள்ளைகள் வயசு. கேள்வித்தாளை வைத்துக்கொண்டு, "வெயிட் லாஸ் இருக்காம்மா?" என்று கேட்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? நிமிர்ந்து உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே, "பத்தொன்பது கிலோ!" என்றேன். பாராட்டுவாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க எதுவும் பண்ணாமலே எவ்வளவு கொறஞ்சுது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

உன் சுவரில் பெரிய எழுத்தில் இருக்கிற அதே 'வெயிட் லாஸ்'தான் எஸ்தர். அவள் தாளில் அது வியாதிக்கு அடையாளம். நம் ஊரில் இளைத்துப்போனவளைப் பார்த்தால் ஐயோ என்று சொல்லிச் சோறு போடுவார்கள். நாம்தான் இங்கிலீஷில் சொல்லிக் கை கொடுத்துக்கொண்டோம்.

கணையத்தில் கட்டி. மார்ச் வாக்கில் வந்திருந்தால் ஆபரேஷனில் எடுத்திருக்கலாமாம். இப்போது பக்கத்து ரத்தக் குழாயைச் சுற்றிக்கொண்டுவிட்டது. மருந்து ஏற்றிப் பார்க்கிறார்கள். அவர் என் எதிரில் சிரிக்கிறார், குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுகிறார்.

எந்த வாரம் எவ்வளவு குறைந்தது என்று டாக்டர் கேட்டதால், நீ சனிக்கிழமைதோறும் எடை குறித்துத் தருகிற அட்டையைத் தேடி எடுத்தேன். ஜனவரிக் கடைசியில் எழுபத்து நாலு. அதுவரை டயட். மார்ச் பதினாறில் அறுபத்தெட்டு. அதன் பக்கத்தில் உன் பச்சை மையில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறாய். வேறு எந்த வாரத்திலும் இல்லை. இத்தனை நாள் அது என் கண்ணில் படவே இல்லை, எண்ணை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அது என்ன எஸ்தர்?

இன்னொன்று. அந்த பேனரை இறக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் ஆட்டோ அடையாறு சிக்னலில் நிற்கிறது. அங்கே நான் பச்சைப் புடவையில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். போன வாரம் ஆட்டோக்கார டில்லிபாபு அண்ணாந்து பார்த்துவிட்டு, "யக்கா, மேல கீறது நீதான? வெயிட்டு பார்ட்டிதான் போ!" என்று சலாம் போட்டார். பாவம், அவருக்கு என்ன தெரியும்?

ஸ்வர்ணா


தி. நகர்,
14-7-2024

மரியே வாழ்க!

என் உயிர் ஸ்வர்ணாவுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. சாந்தோம் கோயிலில் உனக்காகப் பூசைக்குக் கொடுத்திருக்கிறேன். இந்தக் காலத்தில் எத்தனை புது மருந்து வந்துவிட்டது! நீ தைரியசாலி, ஜெயித்துவிடுவாய். என் ஆட்கள் கையில் தினம் சூப் கொடுத்தனுப்புகிறேன், மாட்டேன் என்று சொல்லாதே.

பேனர் விஷயம். ஆடி ஆஃபர் ஓடிக்கொண்டிருக்கிறது. உன் முகத்தைப் பார்த்துத்தான் பாதிப் பேர் உள்ளே வருகிறார்கள். ஆடி முடியட்டும், நானே நின்று இறக்குகிறேன். கோபிக்காதே.

உன்
எஸ்தர்


மந்தைவெளி,
18-7-2024

எஸ்தர்,

சூப் வேண்டாம். நான் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். அதைத் தவிர எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறாய். அந்தக் கேள்விக்குறி எதற்கு?

ஸ்வர்ணா


தி. நகர்,
2-8-2024

ஸ்வர்ணா,

பேனா கசிந்ததென்று ஒரு தாளில் எழுதிக் கிழித்தேன். எல்லார் அட்டையிலும் போடுவதுதான் என்று இன்னொரு தாளில் எழுதி, அதையும் கிழித்தேன். உன்னிடம் எனக்குப் பொய் நிற்காது.

என் அப்பாவை உனக்கு ஞாபகம் இருக்கும். லூர்துசாமி வாத்தியார். ஒரே கோடையில் பெல்ட்டில் மூன்று ஓட்டை புதிதாகப் போட்டுக்கொண்டார். கிறிஸ்துமஸுக்கு அவர் இல்லை. பட்சணம் எல்லாம் தின்றேன் என்று நீ சொன்ன பிறகும் முள் அறுபத்தெட்டில் நின்றதைப் பார்த்ததும் எனக்கு அந்த பெல்ட்டுதான் கண்முன் வந்தது. டாக்டரிடம் போ என்று உனக்குச் சொல்வதற்காகத்தான் அந்தக் குறியைப் போட்டேன். அன்றைக்குக் கூட்டம், அடுத்த சனிக்கிழமை சொல்லலாம் என்று விட்டேன்.

அடுத்த சனிக்கிழமை விளம்பரக் கம்பெனிக்காரர்கள் வந்திருந்தார்கள். உன்னைப் பார்த்து, "மேடம், இவங்கதான் நம்ம முகம்" என்றார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் என் வாய் வரைக்கும் வந்தது. ஒன்றும் இருக்காது, ஒன்றும் இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்கு என்னவோ என்று பயந்தேனா, பேனர் போய்விடும் என்று பயந்தேனா, இப்போது பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பேனரை நேற்று இறக்கிவிட்டேன். உன்னைப் பார்க்கவேண்டும் ஸ்வர்ணா. 'வா' என்று ஒரு வார்த்தை எழுது, ஓடி வருகிறேன்.

எஸ்தர்


மந்தைவெளி,
11-8-2024

எஸ்தருக்கு,

பேனர் இறங்கியதை டில்லிபாபு சொன்னார். உண்மையை எழுதினாய், அதையும் படித்தேன். இரண்டு தடவை.

அடிப் பாவி! பூக்கார வசந்திக்கு என் முழுப் பேர்கூடத் தெரியாது. நடுத் தெருவில் நிறுத்திக் கேட்டாள். நீ என் டிபன் டப்பாவில் எட்டு வருஷம் கை போட்டுத் தின்றவள். வாரா வாரம் என்னைத் தராசில் நிற்க வைத்து, உள்ளே தெரிந்துகொண்டு, வெளியே கை தட்டினாய். நானும் கை தட்டலுக்கு ஆசைப்பட்டேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

வராதே. வந்து என் கட்டிலில் உட்கார்ந்து அழுதால் நான் மன்னித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். எனக்கு மிச்சமிருக்கிற நாளில் அந்த வேலையைச் செய்ய எனக்கு இஷ்டமில்லை.

சுவருக்குக் கடிதம் கேட்டாயே, நல்ல தாளில், நீல மையில் எழுதியிருக்கிறேன். பழையதைக் கழற்றிவிட்டு இதை மாட்டு. ஒரு வார்த்தையையும் வெட்டாதே.

'என் பெயர் ஸ்வர்ணலதா. இங்கே பத்தொன்பது கிலோ குறைந்தேன். ஏழு கிலோ டயட்டில் குறைந்தது. பன்னிரண்டு கிலோ தானாகக் குறைந்தது. அது ஏன் என்று இங்கே யாரும் என்னிடம் கேட்கவில்லை. நீங்களும் ஒன்றும் செய்யாமல் இளைத்துக்கொண்டு வந்தால், கை தட்டுகிறவர்களை விட்டுவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.'

மாட்டினாயா என்று பார்க்க நான் வரப்போவதில்லை. இப்போது நாற்பத்தொன்பது கிலோ இருக்கிறேன். என்னைத் தூக்கிப் போகிற நாலு பேருக்குத் தோள் வலிக்காது. நீ அன்றைக்கும் கை தட்டு.

ஸ்வர்ணலதா