ஒரே லாட்டில் பிறந்தவர்கள்

ஜூன் 3

தண்ணீர் கேன்காரர் வந்தார். "எப்பவும் போல ரெண்டா சார்?" என்றார். ரெண்டு என்றேன். ஒருத்தனுக்கு எதற்கு ரெண்டு? அவர் போன பிறகுதான் யோசித்தேன்.

ஜூன் 4

காலையில் சின்னவள் போன். என் பெண்டாட்டியின் தங்கை. அக்காவின் சாவுக்குப் பிறகு முதல்முறையாக அவளே கூப்பிட்டாள்.

"மாமா, கிரவுண்டுக்கு வா. நேரம் பாக்க ஆள் இல்ல."

இவ்வளவு நாளும் அக்காதான் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு நிற்பாள். சின்னவள் கல்லூரி கேடட் படையில் விமானப் பிரிவு. எழுத்துத் தேர்வு முடிந்தது, நேர்முகமும் முடிந்தது. போர் விமானிப் பயிற்சிக்கு அவள் பெயர் போய்விட்டது. இனி மருத்துவப் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி. மாதக் கடைசியில்.

போனேன். நின்றேன். "இன்னும் வேகமா!" என்று கத்தினேன்.

ஓடி முடித்து இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினாள். "அக்கா இப்படி மரியாதையா கத்த மாட்டா மாமா. எருமைன்னு கூப்பிடுவா." சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் ஸ்டாப்வாட்ச் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த மறந்திருக்கிறேன்.

ஜூன் 6

அன்றைக்கு என் பெண்டாட்டி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். பிடித்தும் விட்டாள். இதைத்தான் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. பஸ்ஸில் ஏறிவிட்டாள். கண்டக்டர் சொன்னது: "டிக்கெட் கேட்டாங்க சார். கிழிச்சுக் குடுக்கறதுக்குள்ள சரிஞ்சிட்டாங்க."

ஓடிப் பிடித்த பிறகு எப்படிச் சாவாள் ஒருத்தி?

ஜூன் 8

விமானப்படைத் தளத்துக்கு, வேலைக்குப் போனேன். எல்லாரும் என்னைக் கண்ணாடிச் சாமான் மாதிரி சுற்றிப் போனார்கள். ஃபோர்மேன் மட்டும், "வந்துட்டியா, கை சும்மா இருந்தா மனசு தின்னும், இந்தா," என்று ஸ்பானரைக் கையில் கொடுத்தார்.

எஜெக்‌ஷன் சீட் ஒன்றைக் கழற்றினோம். விமானி ஆபத்தில் கைப்பிடியை இழுத்தால் சீட்டோடு சேர்த்து வெளியே தூக்கி எறிய வேண்டும். அதற்கான வெடிக்குப்பிகளைச் சோதனை செய்ததில் ஒன்று வெடிக்கவில்லை. ஒன்றுதான். ஆனால் அதே லாட்டில், அதாவது ஒரே தயாரிப்புத் தொகுப்பில், வந்த குப்பி எந்த விமானத்தில் இருந்தாலும் அந்த விமானம் பறக்கக் கூடாது. நன்றாக இருந்தாலும் கழற்ற வேண்டும். சாயங்காலத்துக்குள் வரிசையாக எல்லா விமானத்திலும் பறக்கத் தடை என்று சிவப்புத் துணி தொங்கியது. இளம் விமானி ஒருவன் முணுமுணுத்தான், "ஒண்ணு கெட்டுப்போச்சுன்னு எல்லாத்தையும் நிறுத்துவீங்களா?"

ஃபோர்மேன் சிரித்தார். "உன் சீட்டுல இருக்கறது எப்படின்னு நீயே இழுத்துப் பாத்துச் சொல்லேன் ராசா."

ஜூன் 11

ஆஸ்பத்திரியிலிருந்து வரச் சொன்னார்கள். பிரேதப் பரிசோதனை முடிவு. இதயத் தசை பிறவியிலேயே தடிப்பு. வெளியே தெரியாது. ஓடும்போது, பாரம் தூக்கும்போது, ஒரு நாள் தாளம் தப்பி நின்றுவிடும்.

டாக்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரு தங்கச்சி."

"குடும்பத்துல வர்ற நோய் இது. அவங்களுக்கும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஸ்கேன் எடுக்கற வரைக்கும் ஓட்டம் கீட்டம் எதுவும் வேண்டாம்னு சொல்லிடுங்க."

ஓட்டம். இன்னிக்குக் காலைல கூட ஓடினா. நான்தான் நின்னு கத்தினேன். எருமை, எருமைன்னு. அவ சொன்னாளேன்னு. சிரிச்சுக்கிட்டே ஓடினா. கடவுளே, நான் என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்?

ஆஸ்பத்திரி வாசலில் நின்று போனை எடுத்தேன். திரும்பப் பையில் போட்டேன். என்னவென்று சொல்வது?

ஜூன் 12

சின்னவள் போன் செய்தாள். எடுக்கவில்லை. நான் வராவிட்டால் ஓட மாட்டாள் என்று நினைத்தேன். என்ன முட்டாள்தனம். தனியாக ஓடியிருக்கிறாள். நேரத்தை அனுப்பியிருந்தாள், பெருமையாக. இதுவரை ஓடியதிலேயே வேகம்.

ஜூன் 13

கிரவுண்டுக்குப் போய் அவள் ஓடுகிற பாதையிலேயே நின்றேன்.

"என்ன மாமா, மாடு மாதிரி குறுக்க நிக்கிற?"

"இன்னிக்கு வேண்டாம். கால் வலிக்கும்."

"யாருக்குக் கால் வலி? எனக்கா, உனக்கா?" என்று சுற்றிக்கொண்டு ஓடப் பார்த்தாள். பனியனைப் பிடித்து இழுத்துவிட்டேன். தோள் தையல் கிழிந்தது. பயந்துபோய் என்னைப் பார்த்தாள். அங்கேயே சொல்லிவிட்டேன் எல்லாவற்றையும்.

பிறகு வீட்டுக்குப் போய் மாமனார் மாமியாரிடமும் சொல்ல வேண்டியிருந்தது. சின்னவள் சுவரோடு சுவராக நின்றாள். பரம்பரை, தசை என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். மாமியாருக்கு ஏறவில்லை. "பெரியவளுக்கு வந்தா சின்னவளுக்கு ஏன் வரணும்? இவ நல்லாத்தான இருக்கா?" என்றார். என் வாயில் வேறு வார்த்தை வரவில்லை.

"அத்தை, ஒரே லாட்டுல வந்த பார்ட்ல ஒண்ணு ஃபெயிலானா, மத்ததையும் கழட்டிப் பாக்கணும்."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது.

மாமனார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மாமியார் எழவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்: "என் பொண்ணு உனக்கு பார்ட்டா?"

ஜூன் 14

சின்னவள் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"ஒண்ணு பண்ணு மாமா. டாக்டர் தப்பா சொல்லிட்டாங்க, வேற யாரோட ரிப்போர்ட்டோ அதுன்னு அம்மாகிட்ட சொல்லிடு. மெடிக்கல்ல அக்காவைப் பத்திக் கேட்டா ரத்தக்குறைவுன்னு நான் சொல்லிக்கறேன்."

"அவங்க கண்டுபிடிச்சா?"

"கண்டுபிடிச்சா அனுப்பிடட்டும். கண்டுபிடிக்கலைன்னா பறக்கறேன். நீ வாயத் திறக்காம இருந்தா போதும்."

"மேல போய் பிளேன வேகமா திருப்பும்போது ரத்தம் மொத்தமும் காலுக்கு இறங்கும். அந்த நேரத்துல இதயம்—"

"எனக்கே கிளாஸ் எடுக்காத. அதான் நீ மாட்டின சீட் இருக்கே, தூக்கிப் போடாதா?"

"கைப்பிடிய நீதான் இழுக்கணும். மயங்கினவ எப்படி இழுப்பா?"

வாசல் வரை போய்த் திரும்பினாள். பிறகு, "எட்டாம் வகுப்புலேர்ந்து மாமா. எட்டாம் வகுப்புலேர்ந்து இதுக்குத்தான் எல்லாம்," என்றாள். "அக்காவுக்கு மட்டும் தெரியும். நீ இதைக் கெடுத்தா எனக்கு அக்காவும் இல்ல, மாமாவும் இல்ல."

ஜூன் 16

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பாதிக்குப் பாதி. இல்லாவிட்டால்? வீணாக ஒருத்தியின் வாழ்க்கையைக் கெடுத்தவன் ஆவேன். இருந்தால்?

இன்னொரு சாவுக்கு எனக்குத் தெம்பு இல்லை. ஆனால் அது அவளுக்காகவா, எனக்காகவா?

ஜூன் 17

வெட்கமாக இருக்கிறது. பொய் சொல்லத்தான் போனேன். "அத்தை, ஆஸ்பத்திரில ரிப்போர்ட் மாறிப்போச்சு போல" என்று தொடங்கினேன். மாமியார் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"என்னைப் பாத்துச் சொல்லு."

பார்த்தேன். உடனே தலையைக் குனிந்துகொண்டேன்.

மடித்த துணியை அப்படியே கட்டிலில் வைத்துவிட்டுப் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார்: "ஏய், வெளிய வா. ஒருத்தி ஓடிப்போய் பஸ் ஏறினா, போயிட்டா. உன்னை என்னன்னு தெரியாம பிளேன்ல ஏத்த மாட்டேன். வந்து படம் எடு."

சின்னவள் என்னைப் பார்த்த பார்வை. துரோகி என்று வாயால் சொல்லியிருக்கலாம்.

ஸ்கேன் அறையில் இருந்த பெண் முதலில் சளசளவென்று பேசிக்கொண்டிருந்தாள். கேடட்டா நீ, துப்பாக்கியெல்லாம் சுடுவியா, பயமா இருக்காதா என்று. பிறகு பேச்சை நிறுத்தினாள். அதே இடத்தில் கருவியைத் திரும்பத் திரும்ப அழுத்தினாள். எனக்குத் தெரியும் அந்த மௌனம். விரிசலைக் கண்டால் நானும் அப்படித்தான் பேச்சை நிறுத்துவேன்.

"டாக்டரைக் கூட்டிட்டு வரேன்" என்று எழுந்து போனாள்.

ஜூன் 18

இருக்கிறது. அவளுக்கும்.

ஜூன் 19

நேற்று எழுத முடியவில்லை. டாக்டர் அம்மா தெளிவாகச் சொன்னார்: மாத்திரை, வருஷா வருஷம் சோதனை, ஓட்டம் கூடாது. தேவைப்பட்டால் மார்பில் ஒரு சின்னக் கருவி. கவனமாக இருந்தால் பேரன் பேத்தி எடுக்கலாம்.

"விமானம்?" என்று கேட்டாள் சின்னவள்.

"தாராளமா போகலாமே. பயணியா."

"பயணியா," என்று திருப்பிச் சொன்னாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பை மறக்க முடியவில்லை. மாமியார் அழுதது கூட இப்படி இல்லை.

காரில் திரும்பினோம். கல்லூரி வாசலில் நிறுத்தச் சொன்னாள். கேடட் அதிகாரியிடம் தானே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். வந்ததும் பின்சீட்டில் அம்மா மடியில் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள்.

இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று என் பெண்டாட்டியைத் தேடியது மனசு. வீட்டுக்குப் போனதும் சொல்லணும்னு நினைச்சுக்கிட்டே வண்டி ஓட்டினேன். நினைச்சுக்கிட்டே வீட்டுக்கே வந்துட்டேன்.

ஜூன் 27

இன்றுதான் சின்னவளுக்கு மருத்துவப் பரிசோதனை நடந்திருக்க வேண்டியது. என் போனை எடுக்க மாட்டாள் என்று தெரிந்தும் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ஜூலை 2

லாட் முழுக்க மாற்றி முடித்தோம். சோதனைக் கூடத்திலிருந்து தகவல் வந்தது, கழற்றியதில் இன்னும் சிலதும் வெடித்திருக்காதாம். முணுமுணுத்த அந்த விமானி ஃபோர்மேனுக்கு டீ வாங்கிக் கொடுத்தான். எனக்கும் ஒன்று நீட்டினான். குடித்தேன். ருசி தெரிந்தது.

ஜூலை 9

இன்று விடுமுறை. மதியம் கதவைத் தட்டினாள் சின்னவள். உள்ளே வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் ஆரம்பித்தாள். பனியனைக் கிழித்தது, அம்மாவிடம் உளறியது, அக்காவை நான் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளாதது, வீடு நாறுவது, எல்லாம். நானும் விடவில்லை. "தரைல வேலை பாக்கற பிரிவு இருக்குல்ல, அதுக்கு எழுதிப் போடேன்" என்றேன்.

"கீழ நின்னு கையாட்டவா?"

"நான் அதைத்தான் பண்றேன்."

செருப்பைக் கழற்றினாள். "அப்படிச் சொல்லல மாமா," என்றாள். பிறகு பசிக்கிறது என்றாள். இருந்ததைச் சூடு பண்ணிக் கொடுத்தேன். உப்பே இல்லை என்று திட்டிக்கொண்டு இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டாள். மாத்திரையை விழுங்கிவிட்டுச் சோபாவிலேயே தூங்கிப்போனாள்.

தட்டைக் கழுவிவிட்டு வந்தேன். மல்லாந்து அசையாமல் கிடந்தாள். கிட்டப் போய்க் குனிந்தேன். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று தெரியவில்லை. இன்னும் குனிந்தேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "இருக்கேன் மாமா. போய் நீயும் கொஞ்சம் படு."

படுத்தேன். விழித்தபோது இருட்டியிருந்தது. சமையலறையில் உப்பு டப்பாவைத் தேடி எதையோ உருட்டிக்கொண்டிருந்தாள்.