பற்களில் மஞ்சள் சாயம்

செப்டம்பர் 4
பள்ளியிலிருந்து வந்தபோது வண்டிக்கு அடியில் அப்பாவின் கால்கள் மட்டும் தெரிந்தன. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. பின் சக்கரங்களைச் சுழற்றும் பற்சக்கரப் பெட்டி, டிஃபரன்ஷியல், கொஞ்ச நாளாக ஊளையிடுகிறது. மெக்கானிக் வேண்டாமாம், தானே பிரிக்கிறாராம்.

அம்மா வேலை பார்த்துத் தனியாகத் தங்கியிருக்கும் அணைக்கட்டுக் குடியிருப்புக்குப் பேருந்து கிடையாது. "வண்டி சரியானதும் கொண்டுபோய் விடுறேன். காலாண்டு லீவு முழுக்க இரு" என்றார் அப்பா, வெளியே வந்து. பிறகு ஸ்பானரைப் பார்த்தபடியே, "அடுத்த பருவத்துலேர்ந்து அங்கயே ஸ்கூல்ல சேர்க்கலாம்னு உங்கம்மா சொல்றா. உன் இஷ்டம்தான்."

இஷ்டம் என்னவென்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

செப்டம்பர் 7
பழைய எண்ணெயை வடித்தோம். அதில் வெள்ளித் தூள் மினுமினுத்தது. அழகாக இருக்கிறதே என்றேன். "அழகா? பல்லு தேஞ்ச பொடிம்மா அது."

செப்டம்பர் 8
பக்கத்து இருக்கைக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏண்டி, தலைக்கு வண்டி எண்ணெயா தேய்ச்ச?" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் நூலகத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

செப்டம்பர் 15
புதிய பற்சக்கரங்களைப் பொருத்தியாயிற்று. இரண்டும் சரியாகக் கடிக்கின்றனவா என்று பார்க்க, பல்லில் மஞ்சள் சாயம் பூசிச் சுற்ற வேண்டும். சாயம் அழிந்த தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். வண்டியோடு வந்த புத்தகத்தை நான் வாசிக்க வாசிக்க அப்பா செய்தார். "வாத்தியாரம்மா, படத்தைக் காட்டுங்க." தடம் ஓரத்தில் விழுந்திருந்தது. உள்ளே வைக்கும் மெல்லிய தகட்டை மாற்ற வேண்டும். மறுபடி கழற்றினோம். இந்த வீட்டில் இவ்வளவு பேச்சு கேட்டு எத்தனை நாளாயிற்று.

செப்டம்பர் 19
தடம் நடுவில் விழுந்தது. படத்தில் இருப்பது போலவே, அச்சு அசலாக. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா துணியால் துடைத்துவிட்டார். "சரியில்ல. மறுபடி கழட்டணும்."

செப்டம்பர் 20
எனக்கென்ன கண்ணு தெரியாதா? லீவு ஆரம்பிச்சாச்சு. போகாதேன்னு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா என்னவாம் — சொல்ல மாட்டார். தட்டைப் பார்த்தே சாப்பிட்டோம், இரண்டு பேரும்.

செப்டம்பர் 22
மறுபடியும் நடுவில். அப்பா துணியை எடுத்தார். அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "படத்துல இருக்கிற மாதிரியேதாம்ப்பா இருக்கு." துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். "ம். மூடிரலாம்."

செப்டம்பர் 24
மலைப்பாதை முழுவதும் வண்டி முனகவே இல்லை. வந்ததும் அப்பா என் பெட்டியை அம்மாவின் வாசற்படியில் வைத்தார். எண்ணெய் கசிகிறதா பார்க்கிறேன் என்று வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டார். நானும் குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டுக்கூட இல்லை. ஆனாலும் எதையோ முடுக்கிக்கொண்டே இருந்தார்.

அம்மா படியிலேயே பெட்டியைத் திறந்தாள். "துணியும் கதைப் புத்தகமுமா இருக்கு. பாடப் புத்தகமெல்லாம் எங்கடி?"

"வீட்டுல இருக்கும்மா. லீவு முடிஞ்சதும் அங்க வேணுமே."

வண்டிக்கு அடியில் ஸ்பானர் சத்தம் நின்றது. அம்மா என் சட்டைகளை மறுபடி மடித்தாள், முன்பே மடித்திருந்தவற்றை.