சூளை ஆற இரண்டு நாள்

ஆகஸ்ட் 28, வியாழன்

வேலை முடிந்து வந்தால் வாசலில் சங்கரியின் செருப்பு. வேப்பூரில் அவள் அக்கா வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. வருகிறேன் என்று ஒரு போன்கூட இல்லை. உள்ளே கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சாப்புட்டீங்களா?"

"இல்ல."

பத்து நாள் பிரிந்திருந்த புருஷன் பெண்டாட்டி பேசிக்கொண்டது மொத்தம் இரண்டு வார்த்தை. சண்டை போட்டுக்கொண்டு போயிருந்தால் சமாதானம் செய்யலாம். சண்டையே இல்லை. அதுதான் எனக்கு என்னவோ போல இருக்கிறது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மகள் தென்றல் டியூஷன் போயிருந்தாள். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன், "அக்கா வூட்ல எப்புடி இருந்துச்சு?"

சங்கரி துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "அங்கயும் ஒண்டியாத்தான் இருந்தேன். இங்கயும் ஒண்டியாத்தான் இருக்கேன். பெருசா வித்தியாசம் தெரியல."

கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்குப் பால் இரண்டு பாக்கெட் வேண்டும் என்பது போலச் சொன்னாள்.

பதினெட்டு வருஷமாகப் பீங்கான் சூளைக்கு நெருப்பு வைக்கிறவன் நான். சூளை எரிகிற நாளில் கம்பெனியில் இருப்பேன். எரியாத நாளில் வீட்டில் இருந்துகொண்டு சூளையை நினைப்பேன். அவள் சொன்னது சரிதான். சரியாக இருந்தால் வலிக்காதா என்ன?

அந்த வேகத்தில் வாயில் வந்துவிட்டது: "பாண்டிச்சேரி போலாமா? ரெண்டு நாளு. நீயும் நானும் மட்டும்."

சிரித்துவிட்டாள். "இது நாலாவது தடவ."

உண்மைதான். முதல் தடவை பர்னர் மக்கர் செய்தது. இரண்டாவது தடவை மழை, கரண்ட் இல்லை. மூன்றாவது தடவை விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டு, சூளை நெருப்பின் நிறம் சரியில்லையோ என்று ஒரு சந்தேகம் வந்து நான் மட்டும் திரும்பி ஓடினேன். நிறம் சரியாகத்தான் இருந்தது. அவள் கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சாப்பிட்டார்கள்.

செப்டம்பர் 3, புதன்

தென்றல் போனிலேயே ரூம் போட்டுவிட்டாள். "அப்பா, கேன்சல் பண்ண முடியாத ரூமாப் பாத்துப் போட்டுருக்கேன்." ப்ளஸ் டூ படிக்கிற பெண்ணுக்கு அப்பனைப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்கிறது!

செப்டம்பர் 8, திங்கள்

கணக்காகத் திட்டம் போட்டுவிட்டேன். வியாழன் இரவு சூளை பற்றவைத்தால் வெள்ளி மதியம் அணைக்கலாம். அணைத்தபிறகு இரண்டு நாள் கதவைத் திறக்கக் கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் வெளிக்காற்று பட்டு உள்ளே இருப்பதெல்லாம் பட்பட்டென்று விரிசல் விட்டுவிடும். அந்த இரண்டு நாளும் சூளைக்காரனுக்கு வேலையே கிடையாது. ஆனாலும் நான் ஒரு நாளைக்கு நாலு தடவை போய், உள்ளே எத்தனை டிகிரி சூடு என்று காட்டுகிற மீட்டரைப் பார்த்துவிட்டு வருவேன். எதற்கு என்று யாரும் இதுவரை கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. கதவைச் சாத்தினவன்தான் சூடம் காட்டித் திறக்க வேண்டும். நான் உண்டாக்கியது இல்லை. ஆனால் என்னைவிட அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவன் யாரும் இல்லை. உள்ளே ஏறப்போவது அத்தனையும் கொலு பொம்மை.

முதலாளி சக்கரபாணியிடம் சொன்னேன். "திங்கக்கெழம காலைல வந்து தொறந்துர்றேன், மொதலாளி." "போயிட்டு வாய்யா கொளஞ்சி. கல்யாணமாகி இத்தினி வருசம் கழிச்சு தேனிலவா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். பொம்மை அடுக்குகிற வீராயி அக்கா விழுந்து விழுந்து சிரித்தது.

சங்கரி ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். பாண்டியில் சூளை என்ற சொல் என் வாயில் வரக் கூடாது. வந்தால், நின்ற இடத்திலேயே நின்று ஐந்து நிமிஷம் வேறு எதைப் பற்றியாவது பேச வேண்டும்.

செப்டம்பர் 12, வெள்ளி

மதியம் பன்னிரண்டு பத்துக்கு பர்னரை அணைத்தேன். வீட்டுக்கு வந்தால் பை தயார். ஒரு சட்டையை நீட்டினாள். "பொறி பட்டு ஓட்ட விழாத சட்ட இது ஒண்ணுதான் இருக்குது. நாளைக்கு இதப் போடுங்க."

தென்றலைத் திட்டக்குடி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன், அவள் அத்தை வீட்டுக்கு. ஜன்னல் வழியாக விரலை ஆட்டி மிரட்டிவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 13, சனி – பாண்டிச்சேரி

வந்துவிட்டோம்! இதை எழுதும்போதே நம்ப முடியவில்லை.

காலை ஆறரை பஸ். நெய்வேலி தாண்டும்வரை சங்கரி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். பாசம் என்று நினைத்துப் பூரித்துப் போனேன். "எறங்கி ஓடிருவீங்களோன்னுதான்" என்றாள்.

ரூம் சின்னது, சுத்தமாக இருக்கிறது. பையை வைத்துவிட்டு வெள்ளைக்காரர்கள் கட்டின தெருக்களில் நடந்தோம். மஞ்சள் சுவர், பெரிய பெரிய கதவு, சுவரெல்லாம் காகிதப்பூ. சங்கரி ஒவ்வொரு கதவின் முன்னாலும் நின்று போட்டோ எடுக்கச் சொன்னாள். ஏழாவது கதவில் நான் கேட்டேன், "இந்தத் தெருவுல ஆளுங்க யாரும் வெளிய வரமாட்டாங்களா?" கேட்டு முடிப்பதற்குள் கதவைத் திறந்துகொண்டு ஒரு அம்மா வந்தார். நாங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஓடினோம். நாற்பத்தி நாலு வயதில் ஓடினால் மூச்சு வாங்குகிறது.

பிறகு ஒரு காபிக் கடை. அங்கேதான் மானம் போயிற்று.

எனக்கு ஒரு பழக்கம். எந்தக் கப்பைக் கண்டாலும் நகத்தால் ஒரு தட்டு தட்டுவேன். கணீர் என்றால் நன்றாக வெந்தது. அப்புறம் கவிழ்த்து அடியில் எந்தக் கம்பெனி முத்திரை என்று பார்ப்பேன். தட்டினேன். நல்ல சத்தம். எந்த ஊர்க் கப்பு என்று பார்க்கக் கவிழ்த்தேன். காபி உள்ளே இருக்கிறது என்பது காபி சங்கரியின் புதுப் புடவையில் விழுந்தபிறகுதான் நினைவுக்கு வந்தது.

கொண்டுவந்து வைத்தவர் பதறிப்போய், "சார், காபி சரியில்லீங்களா?" என்றார்.

"காபி நல்லாத்தாங்க இருக்குது. கப்பு எந்த ஊருன்னு பாத்தாரு" என்றாள் சங்கரி. சொல்லிவிட்டுச் சிரித்தாள் பாருங்கள். கண்ணில் தண்ணீர் வர, மேஜையைப் பிடித்துக்கொண்டு. இப்படி இவள் சிரித்து நான் பார்த்து எத்தனை வருஷம் இருக்கும்? புடவை போனால் போகிறது.

வெளியே வந்ததும், "நல்லா வெந்த கப்பு, எந்தச் சூளையோ" என்று வாய் தவறிவிட்டது. உடனே நிறுத்தினாள். "ம், பேசுங்க. அஞ்சு நிமிசம்." என்ன பேசுவது? வெயில் என்றேன். அப்புறம் தென்றல் படிப்பு. அதற்கப்புறம் வெட்கத்தை விட்டு, பெண் பார்க்கப் போனபோது அவள் அத்தையைப் பெண் என்று நினைத்து நான் பயந்துபோன கதையைச் சொன்னேன். இத்தனை வருஷமாகச் சொன்னதே இல்லை. ஐந்து நிமிஷம் அரை மணி ஆயிற்று.

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் நல்ல நாள்.

சாயங்காலம் கடற்கரைச் சாலையில் பாறை மேல் உட்கார்ந்திருந்தோம். போன் வந்தது. முதலாளி. கடலை வாங்கி வருகிறேன் என்று எழுந்து போய்ப் பேசினேன். பொம்மைக்கு ஆர்டர் கொடுத்த சேலத்துப் பார்ட்டி திங்கள் வரைக்கும் பொறுக்க மாட்டானாம். நாளைக்கே சரக்கு வேண்டுமாம். "மீட்டரு நானூறு காட்டுது கொளஞ்சி. லேசா கதவ நீக்கி வெக்கட்டுமா?" "தொடாதீங்க மொதலாளி! கால மொத பஸ்ஸுக்கு நான் வந்துர்றேன்."

சொல்லிவிட்டேன். யாரையும் கேட்காமல் சொல்லிவிட்டேன்.

கடலைப் பொட்டலத்தோடு திரும்பினால் அவள் அலையைப் பார்த்துக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள். எப்படிச் சொல்லுவேன்? சொல்லவில்லை. இப்போது அவள் குளித்துக்கொண்டிருக்கிறாள், நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏன்டா கொளஞ்சி, ஒரு நாளு, ஒரே ஒரு நாளு உன்னால முடியாதா?

செப்டம்பர் 14, ஞாயிறு – பாண்டிச்சேரி

ஆமாம், பாண்டிச்சேரியில்தான் எழுதுகிறேன். நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

விடிகாலையில் எழுந்து சட்டையை மாட்டினேன். அவள் முழித்துக்கொண்டாள். "சூரியன் வர்றத பாக்கவா? இருங்க, நானும் வரேன்." வாயைத் திறக்க முடியாமல் அவளோடு கடற்கரைக்குப் போனேன். சூரியன் பாதி மேலே வந்தபோது சொல்லிவிட்டேன்.

அவள் திட்டவில்லை. "கடல வாங்கப் போனப்பவே தெரியும். போங்க. நான் சாயங்காலமா வரேன்" என்றாள். அதே குரல். பால் இரண்டு பாக்கெட் குரல்.

இரண்டடி நடந்திருப்பேன். பின்னாலிருந்து சொன்னாள்: "கொளஞ்சியப்பருகிட்ட பிராது கட்டியிருக்கேன்."

எங்கள் பக்கத்தில் இது தெரியாதவர்கள் கிடையாது. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் குறையைப் பேப்பரில் மனுவாக எழுதிக் கட்டிவிட்டால் மூன்று மாசத்துக்குள் சாமி தீர்த்துவைப்பார். திருடு போனவர்கள் கட்டுவார்கள், ஏமாந்தவர்கள் கட்டுவார்கள்.

"யாரு மேல?"

"உங்க மேலதான். வேப்பூரு போறதுக்கு முன்னாடி."

என் பேரே அந்தச் சாமி பேர். எனக்கே என் மேல் மனு! சிரிப்பு வந்தது. "என்னான்னு எழுதுன?" என்றேன்.

கடலைப் பார்த்துக்கொண்டே ஒப்பித்தாள். "என் வீட்டுக்காரரு குடிக்கறது இல்ல. அடிக்கறது இல்ல. சம்பளத்த கையில குடுத்துருவாரு. ஆனா ஆளு காணாமப் போயி ரொம்ப வருசம் ஆவுது. சாமிதான் தேடிக் கொண்டாந்து குடுக்கணும்."

சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அந்தப் பாறை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அழுதேன்.

பிறகு முதலாளிக்குப் போன் போட்டேன். "நான் வரல மொதலாளி. நூறுக்குக் கீழ வந்ததும் வீராயி அக்கா தொறக்கட்டும்." அவர் கத்தினார். "சாத்துனவந்தானேய்யா தொறக்கணும்? வெடிச்சுப்போனா யாரு பொறுப்பு?" "நாந்தான் பொறுப்பு. நாளைக்கு வந்து திட்டு வாங்கிக்கறேன்." போனை அணைத்து அவள் கைப்பையில் போட்டேன். சங்கரி நேற்று மீந்த கடலையை என் உள்ளங்கையில் கொட்டினாள்.

பத்து மணிக்கு மியூசியத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அரிக்கமேட்டில் தோண்டியெடுத்த பானை, ஜாடி, ஓடு. இரண்டாயிரம் வருஷத்துச் சரக்கு! கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். "இங்க மட்டும் பேசலாம்" என்றாள்.

ஒரு மணி நேரம் பேசினேன். அவள் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். ஒரு ஓட்டின் உடைந்த ஓரத்தில் நடுப்பகுதி மட்டும் கறுப்பாக இருந்தது. "இது சரியா வேவல. அவசரப்பட்டு எறக்கிட்டான்" என்றேன். "அவனுக்கும் ஒரு சேலத்துப் பார்ட்டி இருந்துருப்பான்" என்றாள். காவலர் வந்து சத்தம் போடாதீர்கள் என்று சொல்லும்படி சிரித்தோம்.

என் வேலையைப் பற்றி இவளிடம் இதற்குமுன் உட்கார்ந்து பேசியதே இல்லை என்பது அங்கேதான் உறைத்தது. எப்போது பார்த்தாலும் சூளை சூளை என்றிருக்கிறேன், அவளுக்கு அதில் ஒரு கைப்பிடிகூடக் கொடுத்ததில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு தடவை, மீட்டர் இப்போது எவ்வளவு காட்டும் என்று விரல் விட்டுக் கணக்குப் போட்டேன். மூன்று மணிக்கு மறுபடியும். நாலு மணிக்கு மறந்துவிட்டேன். அலையில் முழங்கால்வரை நனைந்தோம். நாளைக் காலை பஸ்.

செப்டம்பர் 15, திங்கள்

நேராகக் கம்பெனிக்குப் போனேன். சூளை காலி. பொம்மை சேலம் போய்விட்டது.

வீராயி அக்கா சொன்னது: "மொதலாளி நாலு தடவ தொறக்கச் சொன்னாரு. கதவுல கைய வச்சுப் பாத்துட்டு, கொளஞ்சி திட்டும்னு உம்பேரச் சொல்லியே சாயங்காலம் வரைக்கும் நிறுத்தி வச்சேன். மூணே மூணு பொம்மதான் விரிசல் வுட்டுச்சு."

மூன்று! என் கையால் திறந்தால் எப்போதும் பத்துக்குக் குறையாது. அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கு முதலில் ரோஷம், அப்புறம் வெட்கம், கடைசியில் அப்பாடா என்றிருந்தது. நான் இல்லாவிட்டால் உலகம் வெடித்துவிடும் என்று நினைத்திருந்தேன். மூன்று பொம்மை.

முதலாளி திட்டவில்லை. மதியம் டீ வாங்கிக் கொடுத்தார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

"பிராத எப்ப வாபஸ் வாங்குவ?" என்றேன்.

"கெடு முடிய இன்னும் நாளு இருக்குது. பாக்கலாம்" என்கிறாள். ஒரு கை சாதம் கூடவே போட்டாள்.

அக்டோபர் 2, வியாழன்

சூளை ஆறுகிறது. மீட்டர் பார்க்கப் போகவில்லை. சங்கரிக்கு இட்லிக்கு அரைத்துக் கொடுத்தேன். உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி. காலையில் சங்கரி தானாகவே, "கெளம்புங்க, மணவாளநல்லூரு போவணும்" என்றாள். கம்பெனியில் சூளை எரிந்துகொண்டிருக்கிறது, வீராயி அக்கா பொறுப்பில். அது வழியில் நினைவே வரவில்லை, இப்போது எழுதும்போதுதான் வருகிறது.

பிராது தீர்ந்தால், மனுவைத் திரும்பப் பெறுவதாக ராஜினாமா எழுதிக் கொடுப்பது வழக்கம். என் பேனாவை வாங்கி, தூணோரம் உட்கார்ந்து, கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். கொடுக்கப் போகும்போது எட்டிப் பார்த்துவிட்டேன். இரண்டே வரி.

"மனுவில் கண்ட நபர் வந்து சேர்ந்தார். நல்லபடியாக இருக்கிறார்."