வேரில் ஒரு பிடி மண்

ஜூன் 9, ஞாயிறு

புடவை டிசைன் ஒன்றும் ஓடவில்லை. கம்ப்யூட்டரில் மயில் கழுத்தை வரைவதும் அழிப்பதுமாகப் பொழுது போயிற்று. ஜன்னலில் பார்த்தால் வெட்டிய அடிமரம்தான் தெரிகிறது. என் பன்னீர்க் கொய்யா.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த வருடம் நட்டது. எனக்கென்று இங்கே இருந்தது அது ஒன்றுதான். மாசியில் அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு வாலாஜாபாத் போயிருந்தேன். திரும்பி வந்தால் மரம் இல்லை. ஓரகத்தி வடிவு அக்கா ஆள் வைத்து வெட்டிவிட்டாள். கொல்லையில் தறிக்காக விரித்த பாவு நூலில் பழம் விழுந்து கறையாகிறதாம். கொல்லை பொதுவாம். நான் நட்ட மரமுமா பொது?

ஜூன் 14

வடிவு அக்கா பாங்காக்கில் இருக்கும் தன் மகன் வசந்தைப் பார்க்கப் போகிறாளாம். என்னிடம் வந்து நின்றாள்.

"அங்க பன்னீர்க் கொய்யா செவப்பா, இம்மாம் பெருசா இருக்குது மகா. ஒரு கன்னு எடுத்தாந்து அந்த எடத்துலயே வெக்கலாம்னு பாக்கிறேன். பிளேன்ல எடுத்தாற இன்னா ரூல்ஸுன்னு பாத்து சொல்லும்மா."

அந்த இடத்திலேயே. வெட்டியவள் என்னிடமே கேட்கிறாள்! "பாக்கிறேன்கா" என்றேன்.

ஜூன் 15

எல்லாம் படித்தேன். கிளம்புமுன் இங்கேயே அனுமதி வாங்க வேண்டும். செடிக்கு நோயில்லை என்று அந்த நாட்டுச் சான்று வேண்டும். இறங்கியதும் மறைக்காமல் அதிகாரியிடம் காட்ட வேண்டும். வேரில் மண் துளிகூட இருக்கக் கூடாது. கழுவி, ஈரமான நாரில் சுற்றித்தான் கொண்டுவர வேண்டும்.

கடைசியைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்த வீட்டில் எந்தக் கன்று வாங்கப் போனாலும் நம் மண் ஒரு பிடி கையோடு போகும். வேரில் அதை வைத்துக் கட்டித்தான் கொண்டுவருவார்கள். அப்போதுதான் செடி நம் வீட்டை ஏற்றுக்கொள்ளுமாம். வடிவு அக்கா அதை விடவே மாட்டாள்.

ஜூன் 16

மூன்றைச் சொன்னேன். மண்ணைப் பற்றி வாய் திறக்கவில்லை.

"நீ இல்லன்னா நான் இன்னா பண்ணுவேன் மகா" என்றாள். சிரித்தேன்.

ஜூலை 20

அனுமதி வந்துவிட்டது. நாளை கிளம்புகிறாள். காலையில் அடிமரத்துப் பக்கம் குனிந்து, காலி ஜரிகை டப்பாவில் மண் அள்ளினாள். பார்த்துக்கொண்டே துணி காயப்போட்டேன்.

ஜூலை 31

இப்போதுகூடப் போன் போட்டுச் சொல்லலாம். சொல்ல மாட்டேன்.

ஆகஸ்ட் 4

வெறுங்கையோடு வந்து இறங்கினாள். முகம் வீங்கியிருந்தது. நர்சரிக்காரன் வேரைக் கழுவி நாரில் சுற்றித்தான் கொடுத்தானாம். கிளம்பும் நாள் இவளே பிரித்து நம் மண்ணை வைத்துக் கட்டியிருக்கிறாள். சென்னையில் அதிகாரி பிரித்துப் பார்த்துப் பிடுங்கிக்கொண்டார்.

"எரிச்சிடுவாங்களாம்" என்றாள்.

நல்லா வேணும். ரசத்துக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 6

துவைக்கும் கல் அருகே வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"மண்ணு கூடாதுன்னு வீட்ல யாரும் சொல்லலையான்னு அந்த ஆபீசர் கேட்டாரு. மகா சொன்னா, நாந்தான் மறந்துட்டேன்னேன்."

நான் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தேன்.

"வசந்த் போன்ல தேடிக் காட்டினான். எல்லாம் ஒரே எடத்துலதான் எழுதிக்கீறாங்க. உன் மரத்துக்கு என் கன்னு. சரியாப் போச்சா?"

பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டாள்.

இன்னா சரியாப் போச்சு? என்னுது எத்தினி வருஷத்து மரம் — அவளுது ஒரு முழக் கன்னு. மன்னிப்புன்னு ஒரு வார்த்தை கேட்டாளா? என்னைக் காட்டிக்கொடுக்காமல் வந்துவிட்டாளே, அதுதான் தாங்க முடியவில்லை. இனி எதை வைத்து அவள்மேல் கோபப்படுவேன்?

டிசம்பர் 22

பொங்கலுக்கு வசந்த் வருகிறான். கன்று கொண்டுவரச் சொல்லியிருக்கிறாளாம். ரூல்ஸ் என்ன என்று மறுபடி என்னிடமே கேட்டாள். மண்ணைத்தான் முதலில் சொன்னேன். பிறகு மற்ற மூன்றும்.

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னேன். தலையாட்டிவிட்டு, என் எதிரிலேயே மகனுக்குப் போன் போட்டாள்.

"டேய், சித்தி எல்லாம் சொல்லிக்கீறா. நீயும் ஒரு தபா பாத்துக்கோ."