சத்யா தின்ற நாலு உருண்டை

25.9.2025, வியாழன்

மார்க்கெட்டில் சிறுமலைப்பழம் இரண்டு சீப்பு வாங்கினேன், காயாகவே. சனிக்கிழமை பயிற்சி ஆட்டத்துக்குள் பழுத்துவிடும். என் மகள் ஜீவிதாவின் பள்ளிக் கபடி அணியில் பன்னிரண்டு பெண்கள். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஆளுக்கு ஒரு பழம். இடைவேளையில் பயற்றுருண்டை இரண்டு, உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் ஒரு டம்ளர். எண்ணெய்ப் பலகாரம் கிடையாது.

எட்டாவதோடு நின்றவள் நான். இதெல்லாம் நூலகத்திலும் போனிலும் படித்து நானே நோட்டில் எழுதிக்கொண்டது. எந்த ஆட்டத்துக்கு எத்தனை கொண்டுபோனேன், எத்தனை திரும்பி வந்தது, எல்லாம் அதில் இருக்கிறது. பெரும்பாலும் மீதி வராது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. முருகா, பொறுத்துக்கொள்.

27.9.2025, சனி

இன்றும் மீதி இல்லை. கேப்டன் சத்யபிரியா மட்டும் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: “ஜீவிம்மா, உருண்டை சூப்பரு. ஆனா மாவு தொண்டையில நிக்கிது. செத்த தேங்கா போடுங்களேன்.”

பதினொன்றாவது படிக்கிறாள். அவள் அம்மா மாயக்காள் மில்லில் வேலை. மாவட்டப் போட்டியில் தேர்வாளர்கள் கண்ணில் பட்டு மாவட்ட அணிக்குள் போய்விட்டால், அந்தச் சான்றிதழை வைத்துக் காலேஜில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கேட்கலாம். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். இடம் கிடைக்காவிட்டால் பன்னிரண்டு முடிந்ததும் மில்தான் என்று மாயக்காள் முடிவாகச் சொல்லிவிட்டாளாம்.

30.9.2025, செவ்வாய்

ஐந்தாவது செவ்வாய். பிள்ளைகள் ஜெயிக்க வேண்டும் என்று பழனியாண்டவனுக்கு ஒன்பது செவ்வாய் நேர்ந்திருக்கிறேன். பொழுது சாயும்வரை தண்ணீர் மட்டும்.

6.10.2025, திங்கள்

நாளை மாவட்டப் போட்டி, ஒட்டன்சத்திரம் பக்கம். வேன் காலை ஐந்துக்கே வந்துவிடும். அதனால் சாயங்காலமே முப்பது உருண்டை பிடித்து வைத்துவிட்டேன். சத்யா ஆசைப்பட்டபடி ஒரு முழுத் தேங்காய் துருவிப் போட்டேன். ஏலக்காய் தூக்கலாக. சூடு ஆறுமுன் டப்பாவை மூடினேன், எறும்பு வந்துவிடும் என்று. மேலே எப்போதும்போல ஒரு திருநீற்றுப் பொட்டலம்.

சாமிக்குக் காட்டாததை நான் ருசி பார்ப்பதில்லை. காலையில் காட்டிவிட்டு எடுத்துப் போகணும்.

7.10.2025, செவ்வாய்

சத்யாவுக்கு டிரிப்ஸ் ஏறுகிறது. எழுத முடியவில்லை.

8.10.2025, புதன்

எழுதித்தான் ஆக வேண்டும்.

அரையிறுதியில் ஜெயித்தார்கள். இரண்டு மணிக்கு நான்தான் டப்பாவைத் திறந்தேன். ஏலக்காய் வாசம்தான் வந்தது. வேறு நாளாக இருந்தால் ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டிருப்பேன். செவ்வாய் – விரதம். போட்டிருந்தால் தேங்காய் ஊசிப்போனது நாக்குக்குத் தெரிந்திருக்கும். யார் ஜெயிக்க வேண்டும் என்று பட்டினி கிடந்தேனோ அந்தப் பிள்ளைகளுக்கே எடுத்துக் கொடுத்தேன். என் கையால். ஒவ்வொன்றாக.

இறுதி ஆட்டம் பாதிகூட ஆகவில்லை. சத்யா ரெய்டு போனாள். கபடி கபடி என்று பாடிக்கொண்டே போனவள் சத்தம் நின்றது. எதிரணிப் பக்கத்திலேயே குனிந்து வாந்தி எடுத்தாள். மடக்கிப் பிடிக்க வந்த பெண்களே அவளைத் தாங்கிக்கொண்டார்கள். பிறகு இன்னும் இரண்டு பேர். மிச்சம் இருந்தவர்களை வைத்து ஆடித் தோற்றார்கள். தேர்வாளர்கள் மூன்று பேரும் மேசைக்குப் பின்னால் எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

மாயக்காள் மில்லிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தாள், தலையெல்லாம் பஞ்சு.

“யக்கா, அத்தன பேரும் சுருண்டு கெடக்குதுக. ஒம் புள்ள மட்டும் எப்புடிக்கா குத்துக்கல்லாட்டம் நிக்கிது?”

“எனக்கே தெரியல மாயக்காளு.”

“தெரியாதுல்ல? ரெண்டு பேரும் ரெய்டு போற புள்ளைக. ஒண்ணு படுத்தா இன்னொண்ணுக்கு எடம். போக்கா, ஒஞ் சாமிட்டப் போய்க் கேளு.”

விளையாட்டு டீச்சர் டெய்சிதான் அவளை வெளியே கூட்டிப்போனார். எனக்குக் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தானே கேட்டிருப்பேன்?

9.10.2025, வியாழன்

மூன்று பேரும் வீடு திரும்பிவிட்டார்கள். மற்றப் பிள்ளைகளுக்கும் அன்று ராத்திரி வயிற்றுவலியாம்.

நோட்டை எடுத்தேன். பிடித்தது முப்பது. மீதி ஆறு. பன்னிரண்டு பேருக்கு இருபத்துநாலு. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. அப்படியென்றால் ஜீவிதாவுக்கு மட்டும் ஏன் ஒன்றும் செய்யவில்லை? கூப்பிட்டுக் கேட்டேன்.

“நான் திங்கலம்மா.”

“அன்னைக்கு மட்டுமா?”

“ஒம்பதாவதுல இருந்தே. திருநீறு வச்சுக் கொண்டாருவேல்ல? ‘கோயில் பார்சல் வந்துருச்சுடீ’ன்னு சிரிப்பாளுக. எனக்கு ஒரு மாதிரி இருக்கும். பப்ஸ் வாங்கித் தின்னுக்குவேன்.”

“அப்ப ஒனக்குக் குடுத்த உருண்டை?”

“சத்யாக்கா வாங்கிக்குவாங்க. அவங்கம்மா விடிய முன்னாடியே ஷிப்டுக்குப் போயிரும்ல, காலைல ஒண்ணும் சாப்டாம வருவாங்க. அன்னைக்கும் அவங்கதான்… நாலு.”

சொல்லிவிட்டு அழுதாள். அடிக்கக் கை ஓங்கினேன். பிறகு யாரை அடிக்கிறேன் என்று தெரியாமல் இறக்கிக்கொண்டேன்.

மீதி வரவில்லை, மீதி வரவில்லை என்று எழுதி எழுதிக் கர்வப்பட்டேனே. அந்த நாட்களெல்லாம் ஒரு பிள்ளை வெறும் வயிற்றோடு வந்த நாட்கள். என் உருண்டையை உண்மையிலேயே ஆசையாகத் தின்றவள் அவள் ஒருத்திதான்.

13.10.2025, திங்கள்

மாவட்ட அணிப் பட்டியல் வந்தது. ஜீவிதா இருக்கிறாள். சத்யபிரியா இல்லை.

டெய்சி டீச்சர் கெஞ்சிப் பார்த்தாராம். இறுதி ஆட்டத்தைப் பார்த்துத்தானே எடுக்க முடியும் என்றார்களாம்.

ராத்திரி வீட்டுக்காரர் சாப்பிடும்போது சொன்னார்: “விடுடி. நீ என்ன வேணும்னா செஞ்ச?”

“வேணும்னு செய்யல. ஆனா செஞ்சது நாந்தானங்க?”

அவர் மேற்கொண்டு சோறு கேட்கவில்லை.

14.10.2025, செவ்வாய்

ஏழாவது செவ்வாய். காலையில் இட்லி சாப்பிட்டேன்.

17.10.2025, வெள்ளி

மாயக்காள் வீட்டுக்குப் போனேன். மாதுளம்பழம் நாலு கொண்டுபோனேன். கதவு உள்பக்கம் தாழ். இரண்டு தரம் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டுக் காதர் பீவிதான் எட்டிப் பார்த்துச் சொன்னார்: “உள்ளதாம்மா இருக்கா. இப்ப வேணாம். இன்னொரு நாளைக்கி வா.”

பழத்தை வாசலில் வைக்கலாமா என்று நினைத்தேன். வைக்கத் தைரியம் இல்லை. என் கைப்பட்ட எதை அந்த வீட்டில் தின்பார்கள்?

20.10.2025, திங்கள்

தீபாவளி. அதிரசம் சுடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

27.10.2025, திங்கள்

சூரசம்ஹாரம். வருடா வருடம் ஆறு நாளும் விரதம் இருப்பேன், இந்த வருடம் ஒரு நாளும் இல்லை. கோயிலுக்கு மட்டும் போனேன். எல்லாரும் அரோகரா என்றார்கள். எனக்கு வாய் வரவில்லை. அவன்மேல் கோபமா? அவன் என்ன செய்வான். அவனா சூட்டோடு டப்பாவை மூடினான்?

என்ன கேட்பது என்றே தெரியவில்லை. நடந்ததை மாற்று என்று கேட்க முடியுமா? நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

3.11.2025, திங்கள்

பள்ளியில் சொல்லிவிட்டார்கள். இனிமேல் போட்டிக்கு வீட்டிலிருந்து யாரும் எதுவும் கொண்டுவரக்கூடாது, பிஸ்கட் பாக்கெட் வாங்கிக் கொடுத்துவிடுவார்களாம். என் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

7.11.2025, வெள்ளி

மாநிலப் போட்டிக்காக ஜீவிதா இன்று கடலூர் கிளம்பினாள். பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றவள் திரும்பி வந்தாள்.

“நான் போகலம்மா.”

“ஏன்டி?”

“போனா, நடந்ததெல்லாம் சரின்னு ஆயிரும்ல.”

போகாதே என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. இவள் போகாவிட்டால் அந்த இடம் சத்யாவுக்கா வரப்போகிறது? வேறு ஊர்ப் பிள்ளைக்குப் போகும்.

“போ. ஒழுங்கா ஆடு” என்றேன். போனபின் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஒரு வாழைப்பழம்கூடக் கொடுத்தனுப்பவில்லை.

8.11.2025, சனி

ஒன்றரை மணிக்கு டெய்சி டீச்சர் போன் செய்தார். இரண்டு மணிக்கு ஆட்டம், வீடியோவில் காட்டுகிறேன், பாருங்கள் என்றார். சரி என்று சொல்லிவிட்டுப் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். அதைத் தனியாகப் பார்க்க என்னால் முடியாது என்று தோன்றியது. செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன்.

சத்யாதான் கதவைத் திறந்தாள். மெலிந்திருந்தாள். என் கையைப் பார்த்தாள்.

“திங்க எதுவும் கொண்டாரலியே, ஜீவிம்மா?”

“இல்லத்தா. போன் மட்டுந்தான்.”

“அப்ப பயமில்ல, வாங்க” என்று சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

தரையில் உட்கார்ந்து பார்த்தோம். ஜீவிதா ஒரு ரெய்டில் மாட்டிக்கொண்டதும் சத்யா போனைப் பிடுங்கிக்கொண்டாள். “டீச்சர், அவள்ட்டச் சொல்லுங்க, அந்த எட்டாம் நம்பரு காலத்தான் புடிக்கிது. ஏய் ஜீவி! கோணக் கழுதை, ஓரமாப் போகாத, நடுவுல ஏறுடி! நடுவுல!” தெருவுக்கே கேட்டிருக்கும். அங்கே மைதானத்தில் ஜீவிதா ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள். காதில் விழுந்ததோ என்னவோ. அடுத்த ரெய்டில் நடுவில் ஏறி இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வந்தாள்.

தோற்றுவிட்டார்கள், மூன்று புள்ளியில்.

போன் அணைந்தபிறகுதான் சத்யா அழுதாள். ஆஸ்பத்திரியில்கூட அழாத பிள்ளை. “நான் இருந்தா ஜெயிச்சிருப்போம், ஜீவிம்மா” என்றாள். ஆமாம் என்றேன். அவள் முதுகில் கை வைக்கலாமா என்று தெரியாமல் வெகுநேரம் யோசித்தேன். பிறகு வைத்தேன். தட்டிவிடவில்லை.

மூன்றரைக்கு மாயக்காள் ஷிப்ட் முடிந்து வந்தாள். வாசலில் செருப்பைப் பார்த்திருப்பாள். உள்ளே வந்து என்னைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. முகம் கழுவிவிட்டு அடுப்பைப் பற்றவைத்து அரிசி போட்டாள். நான் எழுந்திருக்கவில்லை.

சோறு வெந்ததும் பானையைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு என் பக்கம் வந்தாள்.

“செத்த நகருக்கா. கஞ்சி வடிக்கணும்.”

நகர்ந்து உட்கார்ந்தேன்.